ஏழு நாள் பழைய சூடான ரொட்டி

1

ஒப்புக்கொண்டுவிடுகிறேன். இந்தக் கதை எனக்குத் தஃமிய்யா வடை மடித்த காகிதத்தில் கிடைத்தது. எகிப்தின் தமன்ஹூர் ஊர்க் கடைக்காரர்கள் பழைய பள்ளி நோட்டுகளைக் கிழித்துத்தான் வடை மடிக்கிறார்கள். எண்ணெய்க்கு நடுவே ஒரு பிள்ளையின் கையெழுத்து: "ஆறாம் நாள். பிளாஸ்டிக் பை ரொட்டியில் பச்சைப் பூஞ்சை. துணியில் சுற்றியது காய்ந்துவிட்டது. தகரப் பெட்டியில் ஒரு புள்ளி." மீதி நான் கட்டியது. பொய் கட்டுவதில் நான் எந்தத் தலைமையாசிரியருக்கும் சளைத்தவன் இல்லை.

2

பாலைவனக் காற்று சுழன்றடித்த அந்தக்...

வேண்டாம். இங்கே சுற்றிலும் பருத்தி வயல். ஒட்டகம் வராவிட்டால் எகிப்து என்று நம்பமாட்டீர்களோ?

இஜ்லால் ஐந்தாம் வகுப்பு அறிவியல் ஆசிரியை. ஒப்பந்த வேலை. இன்ஸ்பெக்டர் நல்லபடி எழுதினால் அடுத்த ஆண்டும் உண்டு, இல்லையென்றால் வீட்டுக்கு. நுண்ணோக்கி தலைமையாசிரியர் ஷௌகியின் பொறுப்பில் இருந்தது. உடைந்தால் அவர் பதில் சொல்லவேண்டும் என்பதால் பதினோரு வருடமாக உறை பிரிக்கவில்லை. அதனால்தான் அவள் ரொட்டிச் சோதனைக்கு வந்தாள்: பிளாஸ்டிக் பையில் ஒன்று, துணியில் ஒன்று, தகரப் பெட்டியில் ஒன்று, ஏழு நாள். "கண்ணு பார்த்தத மட்டும் எழுதுங்க" என்று பிள்ளைகளிடம் சொல்லியிருந்தாள்.

3

ஆறாம் நாள் மாலை ஷௌகி எட்டிப் பார்த்தார்.

"என்னம்மா இஜ்லால், அல்லாஹ் குடுத்த ரொட்டிய இப்படி அழுக விடலாமா? நாளைக்கு இன்ஸ்பெக்டர் வந்து மூக்கப் பொத்திக்கணுமா?"

"அழுகுறதுதான் பாடமே, உஸ்தாஸ். எந்தப் பொருள் ஈரத்தப் பிடிச்சு வைக்குது, எது விட்டுடுதுன்னு ஒப்பிட்டுப் பார்க்குறாங்க. ஈரம் நின்ன எடத்துல பூஞ்சை வளருது."

"வளரட்டும். புத்தகத்துல வளரட்டும்."

அவள் போனதும் அவர் மூன்று ரொட்டிகளையும் எடுத்தார். தெருவில் கிடக்கும் ரொட்டிக்கு எல்லோரும் செய்வதுபோல, ஒவ்வொன்றையும் முத்தமிட்டு, நெற்றியில் ஒற்றி, மதில்மேல் வைத்தார்.*

(* பச்சையாக இருந்ததையும்தான். பதவி பார்த்து ஒதுங்கும் பழக்கம் பூஞ்சைக்குக் கிடையாது.)

4

காலையில் அவரே ரொட்டிக்கடைக்குப் போய்ப் புது ரொட்டி வாங்கிவந்து மாற்றிவைத்தார். "ஏழாம் நாள்" என்று சீட்டு ஒட்டிய பிளாஸ்டிக் பைக்குள் ஆவி முட்டிக்கொண்டிருந்தது. இஜ்லால் அதைப் பார்த்தபோது இன்ஸ்பெக்டர் ஏற்கெனவே வாசலில் நின்றார்.

"ஏழு நாளா? பூஞ்சையே காணோமே!"

"நம்ம பள்ளிக்கூடத்துச் சுத்தம் அப்படி, பாஷா," என்றார் ஷௌகி, பெரிய அதிகாரிகளைக் கூப்பிடும் குரலில்.

இன்ஸ்பெக்டர் பாஷா ஒரு துண்டு பிய்த்து வாயில் போட்டுக்கொண்டு, சோதனை வெற்றி என்று எழுதத் தொடங்கினார். [மிகை என்று அடித்தேன். பிறகு நான் பார்த்த இன்ஸ்பெக்டர்களை நினைத்து, அடித்ததைத் திரும்ப எழுதினேன்.]

மூன்றாம் வரிசையில் ரீஹாம் எழுந்தாள். பத்து வயது. "நேத்து பச்சையா இருந்துச்சு. நான் எழுதி வெச்சிருக்கேன்."

"புள்ளைக்குக் கண்ணு சரியில்ல பாஷா," என்றார் ஷௌகி.

இன்ஸ்பெக்டர் மெல்லுவதை நிறுத்தி, ஆசிரியை பக்கம் திரும்பினார். "நீங்க சொல்லுங்க அப்லா. இருந்துச்சா, இல்லையா?"

5

முதலில் எழுதிய முடிவு: இஜ்லால் உண்மையைச் சொல்கிறாள், இன்ஸ்பெக்டர் நெகிழ்கிறார், ஷௌகிக்கு மாற்றல் வருகிறது. எழுதிவிட்டு நானே சிரித்தேன். எந்த நாட்டு இன்ஸ்பெக்டர் அவர்?

இரண்டாவது: "இல்லை" என்கிறாள், போகும்போது பேருந்தில் அழுகிறாள். அழவைத்தால் நீங்கள் மன்னித்துவிடுவீர்கள் என்று போட்ட மலிவான கணக்கு அது. கிழித்தேன்.

ஷௌகியைக் கேலி செய்வது சுலபம், செய்தாயிற்று. இஜ்லாலைக் கேலி செய்ய மனம் வரவில்லை. அவளுக்கு இந்த வேலை வேண்டும். அந்தப் பிள்ளையும் அவளை நம்பித்தான் எழுந்து நிற்கிறது. எனக்கு அவளைப் பார்க்கப் பாவமாக இருக்கிறது, என் மேல் எரிச்சலாகவும் இருக்கிறது.

ரீஹாம் இன்னும் உட்காரவில்லை. அப்லாவின் வாயையே பார்த்துக்கொண்டிருக்கிறாள். அந்தப் பதிலை எழுத என்னால் முடியாது. தூரத்தில் உட்கார்ந்து எல்லாரையும் எடைபோட்டுக்கொண்டிருந்தீர்களே, நீங்கள் சொல்லுங்கள். என்னிடம் வேண்டாம், அவள் முகத்தைப் பார்த்துச் சொல்லுங்கள்.