பதினொன்றாம் சேனல்

காலை எட்டு மணிக்குள் அவள் வைஃபையைச் சோதிக்கும் மூன்று மென்பொருள்களை இறக்கி வைத்துவிட்டாள். பதினொரு மணிக்கு வேலைக்கான தேர்வு. கூட்டங்களில் பேசுவதைக் காது கேளாதவர்கள் படிப்பதற்காக உடனுக்குடன் எழுத்தாக்கித் திரையில் ஓட்டும் வேலை அது. போன வாரம் தேர்வின் நடுவில் வீட்டு வைஃபை காலை வாரிவிட்டது. இன்னொரு முறை இணைப்பு அறுந்தால் வேறு ஆளைப் பார்த்துக்கொள்வோம் என்று எழுதிவிட்டார்கள்.

முதல் மென்பொருளில் ஒரு பெரிய முள் ஆடி ஆடி வேகத்தைக் காட்டியது. இரண்டாவது வீட்டின் வரைபடத்தைக் கேட்டது. மூலைக்கு மூலை நடந்தால் அறைகளுக்குப் பச்சையும் சிவப்பும் பூசித் தரும். கணவன் அதில் சொக்கிப்போனான்.

"இதையே வச்சுக்கலாம். எவ்வளவு அழகா இருக்கு பாரு!"

"வீட்டுக்குப் பெயின்டா அடிக்கப்போறோம்? நான் பாக்கறப்ப நல்லாத்தாங்க இருக்கு. அசந்த நேரம் பாத்துத்தான் போகுது. எப்ப போச்சுன்னு ஞாபகம் வச்சுக்கற ஆளுதான் எனக்கு வேணும்."

மூன்றாவதைத் தேர்ந்தெடுத்தாள். பார்ப்பதற்கு அழுமூஞ்சி. கறுப்புத் திரையில் ஒரே ஒரு கோடு, நொடிக்கு நொடி நேரத்தோடு பதிந்துகொண்டே போனது. ஒன்பதரைக்குள் அதில் பதினாறு பள்ளங்கள், இணைப்பு தொய்ந்த இடங்கள். அக்கம்பக்கத்து வைஃபை எல்லாம் இவர்களுடையது ஓடும் அதே ஆறாம் சேனலில் முண்டியடிப்பதையும் அது காட்டியது.

அறையிலிருந்தே கத்தினாள்: "ஏங்க! சேனலைப் பதினொண்ணுக்கு மாத்துங்க!"

கோடு சட்டென்று நேரானது, காற்றில்லாத ஏரியைப் போல. ஐந்து நிமிடம் பார்த்தாள். ஒரு பள்ளமும் இல்லை. ஹாலுக்கு ஓடினாள்.

கணவன் ரவுட்டர் முன் குந்தியிருந்தான். "இரு, பாஸ்வேர்டே இன்னும் கிடைக்கலை."

"அப்ப மாத்தினது யாரு?"

"நான்தாம்மா," என்று டிவி முன் உட்கார்ந்திருந்த, காது மந்தமான மாமனார் ரிமோட்டைத் தூக்கிக் காட்டினார். "நீ கத்தினது அரைகுறையாக் காதுல விழுந்துச்சு. ஹெட்போனை அணைச்சுட்டுப் பதினொண்ணுக்கு மாத்திட்டேன். யாரோ மீன் பிடிக்கறான். இதையா பாக்கணும்?"

கணவன் விழுந்து விழுந்து சிரித்தான். அவள் சிரிக்கவில்லை. ஹெட்போனுக்குக் கம்பியில்லாமல் ஒலி அனுப்பும் சின்னப் பெட்டி, ரவுட்டரோடு தோள் உரசி நின்றது. மடிக்கணினியைக் கொண்டுவந்து வைத்துக்கொண்டு, மாமனாருக்குச் சைகை காட்டினாள். ஹெட்போனைப் போட்டார், பள்ளம். அணைத்தார்; சமவெளி. மூன்று முறையும் அப்படியே. பெட்டியைத் தள்ளி வைக்கலாமென்றால் அதன் ஒயர் ஒரு முழம்தான்.

"ஒரு மணி நேரம் அப்பாவை அதைப் போடாம இருக்கச் சொல்லு, முடிஞ்சுது," என்றான் கணவன்.

"அவர் காதை அடைச்சுட்டு, காது கேக்காதவங்களுக்கு நான் எழுதணுமாக்கும்?"

ரவுட்டரில் ஐந்து கிகாஹெர்ட்ஸ் என்று இன்னோர் அலைவரிசை இருந்தது. ஹெட்போன் அந்தப் பக்கம் எட்டிப்பார்க்காது. ஆனால் அந்த அலைவரிசை சுவரைத் தாண்டி அவள் அறைவரை வராது.

"மேசையைத் தூக்குங்க. ஹாலுக்கு."

பதினொரு மணிக்கு அவள் அந்த அலைவரிசையைப் பிடித்துக்கொண்டு டிவிக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். மாமனார் ஹெட்போனோடு, டிவியிலிருந்து சத்தமே இல்லை. விரல்கள் ஓடின. மூலையில் கறுப்புக் கோடு நேராக, நேராகவே போய்க்கொண்டிருந்தது.

பாதியில் மாமனார் டிவியை விட்டுவிட்டு அவள் திரையைப் படிக்க ஆரம்பித்திருந்தார். கடைசி வரி ஓடி முடிந்ததும் நாற்காலியை அவள் அருகே இழுத்துப் போட்டார்.

"நல்லா இருந்துச்சும்மா. எழுத்தை மட்டும் கொஞ்சம் பெருசாப் போடு."