யாரையாவது அனுப்பும்

வியாழக்கிழமை மதியம் நான்கு வீடுகள், வீட்டுக்குப் பதினைந்து நிமிடம். சபையின் பெண்கள் சங்கம் நோயாளிகளைச் சந்திக்கும் லட்சணம் இதுதான். தலைவியம்மாவின் கைக்கடிகாரத்தை மீறி எந்த அருளும் இறங்கியதில்லை.

இரண்டாவது வீடு பாடகர் குழு அக்காவுடையது. இடுப்பெலும்பு முறிந்து ஐந்து வாரமாகப் படுக்கை. மகன் சோற்றை வைத்துவிட்டு வேலைக்குப் போய்விடுவான். தாயின் தலையைத் தொட அவனுக்குக் கூச்சம். ஏழு பெண்களும் கட்டிலைச் சுற்றி நின்றார்கள். அறையில் வீச்சம். ஒருத்தி போய் ஜன்னலைத் திறந்தாள். அவளுடைய அந்த வாரத் தொண்டு அத்தோடு முடிந்தது. பிறகு பாட்டு, பிறகு ஜெபம்.

“ஆண்டவரே, இந்தச் சகோதரிக்கு ஒத்தாசையா யாரையாவது அனுப்பும்.”

போன வாரமும் இதே விண்ணப்பம்தான். பரலோகத்தில் அவ்வளவு ஆள் பஞ்சமா என்று அந்த ஏழு பேரில் ஒருத்தியான தையல்காரி உள்ளுக்குள் சிரித்துக்கொண்டாள். ஆறு பேர், பன்னிரண்டு கை என்று எண்ணினாள். தன்னுடைய இரண்டை அவள் சேர்க்கவில்லை.

சேர்க்காததற்குக் காரணமும் கைவசம் இருந்தது. பாடகர் குழுவுக்கு அங்கி தைத்தபோது மிச்சத் துணியை அவள் சுருட்டிவிட்டாள் என்று சபை முழுக்கச் சொன்னவள் இந்த அக்காதான். போதகர் முன்னால் நின்று இல்லவே இல்லை என்று அழுதாள் தையல்காரி. இரண்டு வருடமாகப் பேச்சு கிடையாது. சங்கத்தோடு வருவாள், கடைசியில் நிற்பாள், போவாள்.

கண்ணைத் திறந்தாள். கட்டிலில் கிடந்தவளும் திறந்தே வைத்திருந்தாள்.

“தலை அரிக்குது,” என்றாள் அக்கா, ஜெபத்துக்கு இடைஞ்சல் இல்லாமல்.

ஆமென் சொன்ன கையோடு தலைவியம்மா கடிகாரத்தைப் பார்த்தாள். “கிளம்பலாமா? இன்னும் ரெண்டு வீடு இருக்கு.”

“நீங்க போங்க. நான் இருக்கேன்,” என்றாள் தையல்காரி.

“என்னம்மா திடீர்னு? மனசுல ஏவுதலா?”

“அதெல்லாம் இல்ல. நீங்க கேட்ட ஆள் வந்தாச்சு. ஆளைப் பாத்தா எனக்கே பிடிக்கல, என்ன பண்றது?”

யாரும் சிரிக்கவில்லை. செருப்பு மாட்ட யாரும் தாமதிக்கவும் இல்லை.

வெந்நீர் வைத்தாள். அக்காவின் தலைக்குக் கீழே பிளாஸ்டிக் விரிப்பைப் போட்டு, கட்டிலோரம் வாளியை வைத்தாள். அன்பு என்று எதுவும் பொங்கவில்லை. பொங்கட்டும் என்று காத்திருந்தே ஐந்து வாரம் போயிற்று. அன்பாயிரு என்பது கட்டளை. பிடித்தால் செய் என்று யாரும் சொல்லவில்லை. சிக்குப் பிடித்த நூலை அறுக்காமல் பிரிக்கும் விரல்களால் முடியைப் பிரிக்கத் தொடங்கினாள்.

“அந்தத் துணியை நீ எடுத்தியா இல்லியா?” என்றாள் அக்கா, நுரைக்கு நடுவிலிருந்து.

விரல்கள் நின்றன. இந்த வாய்க்கு இடுப்பு முறிந்தும் ஓய்வில்லை. எழுந்து போய்விடலாம். வாசல் திறந்துதான் கிடந்தது.

“எடுத்தேன். ஒன்றரை மீட்டர். கண்ணை மூடிக்கங்கக்கா, சோப்பு இறங்குது.”

அக்கா மூடிக்கொண்டாள். தையல்காரி ஒரு குவளை வெந்நீரை ஊற்றினாள்.

“காதுக்குப் பின்னால தேய்,” என்றாள் பிறகு. “அங்கதான் ரொம்ப அரிக்குது.”

தையல்காரி தேய்த்தாள்.