இடப்பக்கம் மட்டும் தேய்ந்த டயர்

டயரைத் தடவிப் பார்த்தே பைக்கின் நோயைச் சொல்லிவிடுவேன். நடு மட்டும் தேய்ந்தால் காற்று அதிகம், இரண்டு ஓரமும் தேய்ந்தால் காற்றுக் குறைவு, மேடும் பள்ளமுமாகத் தேய்ந்தால் ஷாக் அப்சர்பர் காலி. பைக் மெக்கானிக் கடை வைத்திருக்கும் எனக்கு 'டயர் ஜோசியர்' என்று பட்டப்பெயரே உண்டு. பெருமை பேசவில்லை. பேசினால்தான் என்ன?

அப்படிப்பட்டவனின் சொந்த பைக்கில், போட்டு ஆறே மாதமான முன் டயர், இடப்பக்கம் மட்டும் மொழுமொழுவென்று தேய்ந்துவிட்டது. எதிர்க்கடைத் தையல்காரர்தான் முதலில் பார்த்தார்.

"என்ன ஜோசியரே, ஊருக்கெல்லாம் பலன் சொல்றீங்க, உங்க டயருக்குச் சொல்லலையா?"

சாயங்காலத்துக்குள் தெருவே சிரித்தது. காரணம் கண்டுபிடிக்காவிட்டால் கடையை மூட வேண்டியதுதான் என்று தோன்றியது. காற்று சரி. ஃபோர்க் வளையவில்லை. பேரிங் புத்தம் புதிது. கடைசியில் மனைவி மேல் பாய்ந்தேன்.

"நீதான் ஒரு பக்கமா சாஞ்சு உட்கார்ந்து வர்றே."

"நான் உட்கார்றது பின்னாடி. தேயறது முன்னாடி."

பிறகுதான் மீட்டரைப் பார்த்தேன். நான் ஓட்டாத ஆயிரம் கிலோமீட்டர் அதில் இருந்தது!

மதியம் சாப்பிட்டதும் ஒரு மணி நேரம் தூங்குவது என் வழக்கம். மறுநாள் பொய்க் குறட்டை விட்டேன். மனைவியும் அவள் அம்மாவும் பூனைபோல் வந்து, பைக்கை ஸ்டார்ட் செய்யாமலே தெருமுனைவரை தள்ளிப்போனார்கள். பின்தொடர்ந்தேன்.

மூடிக்கிடக்கும் பழைய குடோன். அதன் சிமெண்ட் தளத்தில் என் மாமியார் ஹெல்மெட்டோடு வட்டமடித்துக்கொண்டிருந்தார். இடப்பக்கமாகவே.

"வலது பக்கம் திரும்பும்மா!" என்று மனைவி கத்தினாள்.

"விழுந்துடுவேன்டி!"

கோபமாக நடுவில் போய் நின்றேன். அத்தை நிறுத்தவில்லை. என்னைச் சுற்றிக்கொண்டே பேசினார்.

"நாளன்னிக்கு லைசென்ஸ் டெஸ்ட், மாப்ள. எட்டு போட்டுக் காட்டணும்."

"இந்த வயசுல எதுக்கு அத்தை?"

பதில் அடுத்த சுற்றில் வந்தது. "டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போகச் சொன்னா, வழியெல்லாம் முணுமுணுக்கிறீங்களே. அதான்."

சுருக்கென்றது. முணுமுணுத்தது உண்மைதான். அவருக்குக் கேட்காது என்று நினைத்திருந்தேன். வெட்கமாக இருந்தது. அவர் போடும் வட்டத்தைவிட்டு வெளியே வந்து நின்றேன்.

"அத்தை, டயரோட வலப்பக்கம் தேயாம புதுசா இருக்கு. அதுதான் நல்லாப் பிடிக்கும். நம்பித் திரும்புங்க!"

நம்பினார். ஆறு மாதத்தில் முதல்முறையாக வலப்பக்கம் திரும்பினார். அந்தப் பக்கம் நான் நின்றிருந்தேன். துள்ளி விலகியதில் என் கணுக்கால் சுளுக்கிக்கொண்டது. அவர் திரும்பிக்கூடப் பார்க்காமல் எட்டை முழுசாகப் போட்டு முடித்தார்.

டெஸ்டிலும் பாஸ்.

மறுநாள் காலில் கட்டு மாற்ற டாக்டரிடம் போகவேண்டும். அத்தை பைக்கோடு வாசலில் நின்றார். தையல்காரர் கத்திரிக்கோலைக் கையில் பிடித்தபடி பார்த்துக்கொண்டிருந்தார்.

ஏறினேன். தெருமுனையில் வலப்பக்கம் அழகாகச் சாய்த்துத் திரும்பினார்.

"மெதுவா... கொஞ்சம் மெதுவா..." என்றேன், எனக்கே கேட்காத குரலில்.

பைக் நின்றது.

"முணுமுணுக்கிறதா இருந்தா இறங்கி நடந்து வாங்க, மாப்ள."