பச்சைத் தண்டுக் கீழாநெல்லி

ஜெராம் பக்கத்துத் தோட்டத்தில் எண்ணெய்க்காக வளர்க்கும் செம்பனைக்கு அடியில் களைக்கு மருந்தடிப்பதுதான் அமராவதிக்கு வேலை. கண்ணில் பட்ட புல்லையெல்லாம் கருக்குகிறவள், வாய்க்கால் ஓரத்தில் ஒரு பாய் அகலத்தை மட்டும் தொடமாட்டாள். வேலை வாங்கும் மண்டோர் சுப்பிரமணியத்துக்குக் கத்திக் கத்தித் தொண்டை வற்றிப்போனது. அங்கே என்ன புதையலா இருக்கிறது? கீழாநெல்லி, வேறென்ன!

அதிலும் பாருங்கள், அந்தப் பெயரில் மூன்று செடி. ஒன்றுக்குச் சிவப்புத் தண்டு. ஒன்றுக்குக் காய் நீளக் காம்பில் தொங்கும். மஞ்சள் காமாலைக்கு அவள் வீட்டில் கொடுப்பது பச்சைத் தண்டுக்காரியை. கூடவே ஒரு வீட்டு வழக்கம்: நோயாளிக்குக் கண் தெளியும்வரை, பறித்துக் கொடுப்பவளும் உப்பை விடவேண்டும். அதை நோயாளியிடம் சொல்லக்கூடாது.

எண்பத்திரண்டாம் வருஷம் அடுத்த லயத்து வரிசை வீட்டு நல்லசாமி மஞ்சளாகிப் படுத்தபோது அவள்தான் அரைத்து மோரில் கலக்கிக் கொண்டுபோனாள். உப்பில்லாமல் தின்று அவளுக்கு நாக்கு செத்துப்போனது. மனசு மட்டும் தித்தித்துக் கிடந்தது. தேறியவன் ரவாங் டவுனில் ஃபேக்டரி வேலைக்குக் கிளம்பினான். "திரும்பி வருவேன், அந்தச் செடிய அழிச்சிடாத லா" என்று சொல்லிவிட்டுப் போனான். போதாதா இந்தப் பைத்தியத்துக்கு? பஸ் சத்தம் கேட்டால் வாசலுக்கு ஓடினாள். வந்த வரனையெல்லாம் தட்டிக்கழித்தாள். ஏங்கி ஏங்கி ஆளே பாதியாகிவிட்டாள்.

எண்பத்தாறில் ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்தேவிட்டான். மோட்டார் சைக்கிளை நிறுத்திவிட்டு நேரே அவள் வீட்டு வாசலில் நின்றான். கையைத் துடைத்துக்கொண்டு ஓடிவந்தாள். அவனுக்குக் கல்யாணமாகிவிட்டதாம். பெண்டாட்டிக்கு மஞ்சள் காமாலையாம். அங்கே யாரோ சிவப்புத் தண்டைக் கொடுத்துக் குணமாகவில்லையாம்.

வாய்க்காலுக்கு நடந்தாள். சிவப்புத் தண்டும் அங்கே முளைத்திருந்தது. கை ஒரு கணம் அந்தப் பக்கம் போனது. போகாமல் இருக்குமா? சீச்சீ என்று தன்னையே வைதுகொண்டு, பச்சைத் தண்டை வேரோடு பிடுங்கி, மண்ணை அலசி, வாழையிலையில் கட்டிக்கொண்டு வந்து கொடுத்தாள்.

வாங்கிக்கொண்டும் அவன் கிளம்பவில்லை.

"அப்ப எனக்காக உப்ப விட்டியே, எனக்குத் தெரியும் அமராவதி. உங்கம்மா அப்பவே சொல்லிட்டாங்க."

இத்தனை வருஷமாக அவள் காத்துக் கிடந்தது இந்த வார்த்தைக்குத்தான். தெரிந்திருக்கிறது. தெரிந்தேதான் போயிருக்கிறான் பாவி.

"அவளுக்காகவும் விடுவியா?" என்றான், தலையைக் குனிந்துகொண்டு.

அவன் வண்டியைக் கிளப்பிக்கொண்டு போனான். வண்டிச் சத்தம் ரோட்டில் மறையும்வரை அங்கேயே நின்றாள்.

மத்தியானம் அம்மா குழம்பை ஊற்ற வந்தபோது தட்டைக் கையால் மறைத்துக்கொண்டாள். அம்மா குழம்புச் சட்டியைத் திரும்ப எடுத்துப்போனாள். அமராவதி வெறும் சோற்றைத் தண்ணீர் விட்டுப் பிசைந்து, அழுதுகொண்டே தின்றாள்.