உச்சியில் நூறு சதவீதம்

சிவப்புக் காரை விற்று ஐம்பத்திரண்டு மணி நேரம் ஆகியிருந்தது. என் அக்கா யோர்லெனி அதைப் பதினோரு வருடம் ஓட்டினாள். சின்ன உடம்பு, பெரிய பெட்ரோல் இன்ஜின். ஞாயிற்றுக்கிழமைகளில் மலைப்பாதைப் போட்டிக்குப் போகும். பேருந்தில் உட்கார்ந்திருந்தாலும் வளைவு வந்தால் அவள் இடது கால் தானாக இல்லாத கிளட்சை மிதிக்கும். நான் சிரிப்பேன்.

இப்போது எங்களிடம் இருப்பது ஒரு குட்டி மின்சாரக் கார்.

ஏன் விற்றாய் என்று அம்மா கேட்டபோது பெட்ரோல் விலை என்றாள். பக்கத்து வீட்டாரிடம் புகை, காற்று என்று ஏதோ சொன்னாள். நான் கேட்டபோது ரேடியோவைச் சத்தமாக வைத்தாள். அப்போதே எனக்குப் பயம் வந்துவிட்டது. அக்காவுக்கு என்னிடம் பொய் சொல்ல வராது.

சனிக்கிழமை காலை, எங்கள் ஊரான கார்த்தாகோவிலிருந்து சான் இசித்ரோவில் இருக்கும் அத்தை வீட்டுக்குக் கிளம்பினோம். நடுவில் சாவு மலை என்று பெயர் வாங்கிய உயரமான மலை. உச்சியிலிருக்கும் உணவகத்தை அடையும்போது பேட்டரியில் இருபத்தாறு சதவீதம் மிச்சமிருந்தது. வாசலில் சார்ஜர் இருந்தது.

"இனிமே இறக்கம்தானே, இது போதும்டி," என்றாள் அக்கா.

"போதாது. நூறு வரைக்கும் ஏத்து. வழியில நின்னா நானா தள்ளுவேன்?"

காத்திருந்த நேரத்தில் சூடான வெல்லத் தண்ணீர் குடித்தோம். அந்தப் பாதையில் டிரெய்லர் ஓட்டும், அக்காவுக்குப் பழக்கமான எவேலியோ அண்ணன் காரைச் சுற்றி வந்து பார்த்தார்.

"என்னம்மா, வாஷிங் மெஷினுக்கு டயர் மாட்டிக் கொண்டாந்துட்டியா?"

"சட்டையக் கழட்டிக் குடுங்கண்ணே, துவைச்சுத் தரேன்."

அவர் வயிறு குலுங்கச் சிரித்தார். "சரி, இறக்கத்துல கியரக் குறைச்சே போ. பிரேக்க நம்பாத."

"கியரே கிடையாதுண்ணே. காலை எடுத்தா மோட்டாரே புடிச்சு நிறுத்தும்."

வரும் வழியில் சின்ன இறக்கங்களில் அப்படித்தான் நின்றது. நூறு ஆனதும் கிளம்பினோம்.

முதல் வளைவில் அக்கா காலை எடுத்தாள். கார் வேகம் குறையவில்லை. ஈரக் கையிலிருந்து நழுவும் சோப்பு மாதிரி வழுக்கிக்கொண்டு போனது.

"புடிக்கலையேடி."

நான் பேட்டரி அளவைப் பார்த்தேன். நூறு. நான் இயற்பியல் படித்தவள். இறங்கும்போது மோட்டார் மின்சாரம் உண்டாக்கி, அந்த இழுப்பில்தான் காரைப் பிடிக்கிறது. அந்த மின்சாரம் போய்ச் சேர பேட்டரியில் இடம் வேண்டும். இடத்தை நான்தான் நிரப்பி வைத்திருந்தேன்.

"பிரேக் மட்டும்தான்கா. மெதுவா போ."

மூடுபனி. ஒரு பக்கம் பாறை, ஒரு பக்கம் வெறும் வெள்ளை. கால் மணி நேரத்தில் கருகல் வாசனை வந்தது. அக்கா பிரேக்கை மிதித்தாள். அது பஞ்சு மாதிரி உள்ளே இறங்கியது. முன்னால் ஒரு லாரியின் சிவப்பு விளக்குகள் பெரிதாகிக்கொண்டே வந்தன. அவள் கை இருக்கைகளுக்கு நடுவே கியரைத் தேடித் துழாவியது. அங்கே தண்ணீர் பாட்டில்தான் இருந்தது.

"புடிச்சுக்கோ!"

வலப்பக்கம் ஆப்பிள் தோட்டத்துக்கு ஏறும் சரளைப் பாதை. வேறு யாராக இருந்தாலும் அதைத் தவறவிட்டிருப்பார்கள். கார் திரும்பி, சரளையில் அலைந்து, மேட்டில் ஏறி, நின்றது. சக்கரங்களிலிருந்து புகை வந்தது. ஒரு நாய் எங்களைப் பார்த்துக் குரைத்தது.

"வாஷிங் மெஷின்," என்றாள் அக்கா. சிரிக்க முயன்றாள்.

நான் குனிந்து அவள் காலடியைப் பார்த்துக்கொண்டிருந்தேன். இடது கால், யாரோ கழற்றிப் போட்ட செருப்பு மாதிரி சாய்ந்து கிடந்தது.

"அக்கா, கை கியரத் தேடிச்சு. காலு ஏன் கிளட்சத் தேடல?"

"விடுடி."

நான் கையை நீட்டி அந்தப் பாதத்தை அழுத்தினேன். நகம் பதியும்வரை அழுத்தினேன். அவள் முகத்தில் ஒன்றும் மாறவில்லை.

"நான் தொடுறது தெரியுதா?"

"எங்க தொடுற?" என்றாள். பிறகு குனிந்து என் கையைப் பார்த்தாள்.

நாய் குரைப்பதை நிறுத்தியிருந்தது.

"மார்ச் மாசத்துலேர்ந்து அந்தக் காலு மரத்துப் போச்சு, துனியா. பழைய கார்ல கிளட்ச் எங்க இருக்குன்னே எனக்குத் தெரியல."