கைப்பை பிடித்த இடம்

தேவாலய முற்றத்தில் வலை கட்டப் போகிறேன் என்று போதகர் சொன்னபோது, மீன் பிடிக்கவா என்று கேட்டேன். அவர் சிரிக்கவில்லை. வாலிபால் வலையாம். ஞாயிறு ஆராதனைக்கு வருவதில் முக்கால்வாசி பெண்கள்தான், ஆண்களை இழுக்க இதுதான் வழியாம்.

"மொதல்ல விளையாட வரட்டும்மா. அப்புறம் தானா உள்ள வருவாங்க."

வருவார்கள், வந்து கிழிப்பார்கள் என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டேன்.

ஆனால் எனக்கும் ஓர் ஆசை இருந்தது, ஏன் ஒளிக்க வேண்டும்? என் அண்ணன் ஒர்க்‌ஷாப்பில் வெல்டர். அண்ணியின் அடக்கத்தன்று சவப்பெட்டியைத் தூக்கிக்கொண்டு வெளியே வந்தவன், மூன்று வருடமாகத் தேவாலயப் படி ஏறவில்லை. நானும் கெஞ்சினேன், அழுதேன், திட்டினேன். ஞாயிறுதோறும் என் பக்கத்து இடத்தில் கைப்பையை வைத்து அவனுக்காகப் பிடித்து வைப்பேன். கூட்டமான நாளில், "இங்க ஆள் வராங்களா?" என்று யாராவது கேட்டால், "வராங்க" என்பேன். முறைத்துக்கொண்டு போவார்கள். போகட்டும்.

நான் மூன்று வருடம் கூப்பிட்டு வராதவன், போதகர் பந்தைக் காட்டியதும் ஓடிப் போனான். ஆள் நெட்டை, கையும் நீளம், அடித்தால் பந்து தரையில் இடி மாதிரி விழும். ரொட்டிக்கடைக்காரர் பந்தைத் தூக்கிக் கொடுப்பார், இவன் எகிறி அடிப்பான். பஸ் டிரைவர், எலக்ட்ரீஷியன், முடிதிருத்தும் கடை இரட்டையர்கள் என்று ஆறு பேர் சேர்ந்துவிட்டார்கள். இத்தனை வருடத்தில் ஒரு நாற்காலியை நகர்த்திப் போடாத மகராசன்கள், வெயிலில் குழி தோண்டிக் கம்பம் நட்டார்கள். பார்க்கப் பார்க்க எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

சனிக்கிழமைகளில் நாங்கள் பெண்கள் உள்ளே தரை துடைப்போம். இவர்கள் அடிக்கும் பந்து ஜன்னல் வழியாக வந்து வாளியில் விழும். சலவைக்கடை வைத்திருக்கிற பாவத்துக்கு ஆறு பேரின் சேறு படிந்த பனியன்களும் என் தலையில்தான் விழுந்தன. இதெல்லாம் கூடப் பரவாயில்லை. ஆட்டம் முடிந்ததும் போதகர் ஐந்து நிமிடம் ஜெபம் செய்வார். எல்லோரும் தலை குனிவார்கள். என் அண்ணன் மட்டும் அந்த நேரம் பார்த்து வலையை அவிழ்க்கப் போய்விடுவான்.

"ஏன் பாஸ்டர், ஜெபத்த ஆட்டத்துக்கு முன்னாடி வச்சா என்ன? ஓட முடியாதுல்ல?"

"வச்சுப் பார்த்தேம்மா. எல்லாரும் லேட்டா வராங்க."

தலையில் அடித்துக்கொண்டேன்.

ஒருநாள் கடையில் இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தபோது அண்ணன் பனியன்களை வாங்க வந்தான். எனக்குப் பொறுக்கவில்லை.

"வாசல் வரைக்கும் வர்ற. இன்னும் நாலு படி. ஏறினா கால் தேஞ்சா போயிடும்?"

"உள்ள பார்த்தாலே அவ பெட்டிய வச்ச எடம்தான் தெரியுது. விடு."

"எனக்குத் தெரியலயா? வாராவாரம் அந்த எடத்தத்தான் நான் துடைக்கிறேன்."

அவன் பனியன்களை ஒவ்வொன்றாக எண்ணினான். பிறகு, "நீ பேசிப் பேசியே கொல்ற. அவங்க யாரும் என்கிட்ட எதுவும் கேக்கறதில்ல. பந்து குடுக்கறாங்க, அடிக்கிறேன். அவ்ளோதான்" என்றான்.

பனியன்களை எடுத்துக்கொண்டு போய்விட்டான். எனக்குச் சுருக்கென்றது. இஸ்திரிப் பெட்டியை அப்படியே வைத்துவிட்டு உட்கார்ந்து அழுதேன்.

அடுத்த மாதம் ரொட்டிக்கடைக்காரரின் அப்பா இறந்துபோனார். பெட்டியைத் தூக்க ஆறு பேர் வேண்டும். வேறு யாரும் வேண்டாம், எங்க டீமே தூக்கும் என்று ரொட்டிக்கடைக்காரர் சொல்லிவிட்டார். அண்ணனும் வந்தான். வந்து, வெளியே வண்டிக்குப் பக்கத்தில் நின்றுகொண்டான். பெட்டியை வண்டியில் ஏற்றும்போது கை கொடுக்கிறானாம்!

உள்ளே அடக்க ஆராதனை முடிந்தது. பெட்டியைச் சுற்றி ஐந்து பேர் நின்றார்கள். ஆறாவது ஆளாக யார் யாரோ எழுந்து போனார்கள். ரொட்டிக்கடைக்காரர் வேண்டாம் என்று தலையாட்டிவிட்டு வாசலுக்கு வந்தார். அழுதழுது கண் வீங்கியிருந்தது.

"அண்ணே, முன்னாடி வலது பக்கம். உங்க எடம்."

ஆட்டத்தில் எப்படிச் சொல்வாரோ அப்படியேதான் சொன்னார். நான் கதவோரம் நின்றிருந்தேன். வாயைத் திறக்கவில்லை. அது எனக்கு எவ்வளவு கஷ்டம் என்று என்னைத் தெரிந்தவர்களுக்குத் தெரியும்.

அண்ணன் கையைப் பேன்ட்டில் துடைத்தான். படி ஏறினான். நான் துடைத்து வைத்த அதே தரையில் நடந்து போய், பெட்டிக்குக் கீழே தோளைக் கொடுத்தான். "தூக்கலாம்" என்றது அவன் குரல்தான். வெளியே வரும்போது முகமெல்லாம் கண்ணீர். துடைக்கக் கை இல்லை. அடக்கம் முடிந்ததும் பஸ் டிரைவர் தன் கைக்குட்டையை நீட்டினார்.

அடுத்த ஞாயிறு நான் வழக்கம்போல் பையை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். முதல் பாட்டு நடக்கும்போது பின்னால் தடதடவென்று சத்தம். ஆறு பேரும் வந்து கடைசி பெஞ்சை அடைத்துக்கொண்டார்கள், நடுவில் என் அண்ணன். எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. பையைத் தூக்கிக் காட்டி, வா வா என்று சைகை செய்தேன். அவன் மாட்டேன் என்று தலையாட்டினான். இங்கேயே இருக்கிறானாம்!

எப்படி இருக்கும் எனக்கு? ஊர் ஏச்சையெல்லாம் வாங்கிக் கட்டிக்கொண்டு மூன்று வருடம் காத்த இடம்! துரைக்குக் கடைசி பெஞ்சுதான் வேண்டுமாம், அந்தத் தடியன்கள் நடுவில்!

"இங்க ஆள் வராங்களா?" என்று பக்கத்தில் ஒரு குரல்.

"வரல. உக்காருங்க."

பையை எடுத்துக்கொண்டு, சபை முழுக்கப் பார்க்க, விறுவிறுவென்று பின்னால் போனேன்.

"தள்ளு."

"எடமில்லயே" என்றான் அண்ணன்.

"அதெல்லாம் எனக்குத் தெரியாது. தள்ளு."

ஆறு பேரும் நெருக்கியடித்து நகர்ந்தார்கள். பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன்.

போதகர் ஜெபத்தைத் தொடங்கினார். எல்லோரும் கண்ணை மூடினார்கள். நான் மூடவில்லை. வலையை அவிழ்க்க எழுந்து போய்விடுவானோ என்று, ஆமென் சொல்லும்வரை அவன் சட்டை நுனியைப் பிடித்துக்கொண்டே இருந்தேன்.