விலை கேட்கப் போன பிள்ளை

மூன்றாவது சனிக்கிழமையாக என் மகளை எதிர்க்கடைக்கு விலை கேட்க அனுப்பியிருந்தேன். கடை என்பது பழக்கதோஷத்தில் வருகிற சொல். பிரிக்பீல்ட்ஸில் பூக்கடைக்கு மேலே நான் நடத்துவது சிறு பிள்ளைகளுக்கான தமிழ் வகுப்பு. சாலைக்கு அந்தப் பக்கத்து மாடியில் புனிதா நடத்துவதும் அதுதான்.

கிள்ளானில் அப்பாவுக்குப் பாத்திரக்கடை. பக்கத்துக் கடையில் குத்துவிளக்கை என்ன விலைக்குத் தள்ளுகிறார்கள் என்று அறிய, முகம் தெரியாத ஆளை வாங்க வந்தவர் மாதிரி அனுப்புவார். அவர்களும் அனுப்புவார்கள். கண்டுபிடித்துவிட்டால் டீ வாங்கிக் கொடுத்து அனுப்புவோம். அதனால், மூன்று வகுப்பு இலவசம் என்று புனிதா பலகை மாட்டியதும், நாத்தனார் ஹேமாவிடம் மகள் விஷ்ணுப்ரியாவை ஒப்படைத்து, உன் பிள்ளை என்று சொல் என்றேன்.

"பிள்ளைய வெச்சு வேவு பாக்குறதா அண்ணி? நல்லால்ல லா."

"ஃப்ரீதானே. போயிட்டு வா."

என்னிடமிருந்த பிள்ளைகளில் பாதிப் பேர் சாலையைக் கடந்து அவளிடம் போய்விட்டார்கள். அதுகூடப் பரவாயில்லை. என்னிடம் வண்ண அட்டைகள் உண்டு. குறிலுக்கு ஒரு கைதட்டு, நெடிலுக்கு இரண்டு. கேரி தீவு எண்ணெய்ப்பனைத் தோட்டத்திலிருந்து வந்த புனிதாவிடம் அட்டையும் இல்லை, ஒழுங்காகக் குளிர்கிற ஏர்கோனும் இல்லை. அவளிடம் அப்படி என்ன சரக்கு?

என் மகள் ஜனவரியில் பள்ளியில் ஒன்றாம் ஆண்டு சேர வேண்டும். என் வகுப்பில் 'அ' சொல்லச் சொன்னால் உதட்டை இறுக்கிக்கொள்வாள். டீச்சர் பிள்ளை வாயே திறப்பதில்லை என்பதை மற்ற தாய்மார்கள் வாரம் தவறாமல் பார்த்துவிட்டுப் போவார்கள்.

முதல் சனிக்கிழமை மாலை, குளியலறைக்குள்ளிருந்து அவள் குரல் கேட்டது. அ, இ, உ. ஒவ்வொன்றும் கத்தரித்த மாதிரி சுத்தமாக விழுந்தது. ஒரு வருடமாக நான் கேட்டுக் கிடைக்காதது. சந்தோஷப்பட்டிருக்க வேண்டும், வயிறு எரிந்தது. கதவைத் தட்டினேன். சத்தம் நின்றுவிட்டது.

"எப்படிச் சொல்லிக் கொடுத்தாங்க?"

"சூடான தோசைக்கல்ல தொடுற மாதிரி." விரலை வெடுக்கென்று இழுத்துக் காட்டினாள். "தொட்டதும் எடுத்துடணும். டீச்சர் எடுக்க மறந்துட்டு 'ஆ'ன்னு அழுதாங்க. நாங்க எல்லாம் சிரிச்சோம்."

"அழுதாங்களா?"

"சும்மாலா, மா."

திங்கட்கிழமையே அந்தத் தோசைக்கல்லை என் வகுப்பில் இறக்கினேன். விரலை இழுக்க வந்தது. பிள்ளைகள் சிரிக்கும்படி தப்புச் செய்து அழ வரவில்லை; வாங்குபவர் முன்னால் தப்புச் செய்யாதே என்று வளர்த்த வீடு. பிள்ளைகள் கொட்டாவி விட்டார்கள். அது போலிச் சரக்கு என்று தெரிந்த ஒரே ஆள், கடைசி வரிசையில், தலையைக் குனிந்துகொண்டாள்.

இந்தச் சனிக்கிழமை, வகுப்பு முடிகிற நேரத்துக்கு ஹேமா போன் செய்தாள். "எனக்கு வெக்கமா இருக்கு அண்ணி. நீங்களே போய்க் கூட்டிக்குங்க."

படியேறினேன். சொல்ல வேண்டிய பொய்களை வரிசையாக அடுக்கி வைத்திருந்தேன்.

"வாங்க, கோமதி டீச்சர்," என்றாள் புனிதா. நாற்காலியைத் துடைத்துப் போட்டாள்.

"தெரியுமா?"

"மொத நாளே. அந்த மூக்கு வேற யாருக்குக்கா இருக்கு?"

"அப்புறம் ஏன் கேக்கல?"

"கேட்டா கூட்டிக்கிட்டுப் போயிருவீங்க. இப்பத்தான் வாயத் தொறக்குறா, பாவம்லா." பிறகு குரலைத் தாழ்த்தினாள். "அம்மாகிட்ட சொல்லிக் காட்டுன்னா மட்டும் மூடிக்கிறா."

நான் பேரம் பேசத் தெரிந்தவள். எதிரில் இருப்பவள் ஒரு விலை சொன்னால்தானே குறைக்க முடியும். திட்டியிருந்தால்கூட ஏதாவது பிடி கிடைத்திருக்கும். அவள் பதிவுப் படிவத்தை என் முன் வைத்தாள்.

"தொடர்ந்து வரணும்னா எழுதுங்கக்கா. இந்த வாட்டி உங்க பேர்லயே."

எழுதினேன். பிள்ளையின் பெயர். பிறந்த தேதி. தாயின் பெயர். அதற்கடுத்த கட்டம், தாயின் தொழில். பேனா அங்கே நின்றது.

எனக்குப் பின்னால், என் முதுகு மட்டும் தெரிகிற தைரியத்தில், மெதுவாக ஒரு குரல் "எ" என்றது. கொஞ்சம் பொறுத்து, இன்னும் சத்தமாக, "ஒ."

நான் திரும்பவில்லை. பேனா முனைக்குக் கீழே ஒரு மைப்புள்ளி கட்டத்துக்குள் ஊறிப் பெரிதாகிக்கொண்டிருந்தது.